கரிப்பு நின்றாலும் எண்டோஸ்கோப்பி தேதியை விட்டுவிடாதீர்கள், அண்ணாச்சி

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக நெஞ்சுக் கரிப்பு உண்டு, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். ராத்திரி பத்தரைக்குக் கடை அடைத்து, பரோட்டா சால்னா சாப்பிட்டதும் படுத்துவிடுவேன். போன மாதம் திருநெல்வேலியில் எண்டோஸ்கோப்பி எடுத்து, உணவுக்குழாயில் 'பாரெட்ஸ், சி1 எம்3' என்று எழுதினார்கள். பயாப்சியில் 'குடல் வகை மாற்றம் உண்டு, டிஸ்பிளேசியா இல்லை' என்று வந்திருக்கிறது. மகன் செல்லில் பார்த்துவிட்டு இது கேன்சருக்கு முந்தின கட்டம் என்கிறான். மச்சினன் சென்னைக்குப் போய் வெட்டி எடுத்துவிடச் சொல்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை, மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்துவிட்டேன். தினமும் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து கரிப்பு மட்டும் சுத்தமாக இல்லை. அப்படியானால் சரியாகிவிட்டதா? எங்கள் அம்மா ஐம்பது வருடமாக வெற்றிலை புகையிலை போடுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. நாளுக்குப் பத்து பீடி குடிக்கிற எனக்கு எப்படி வந்தது?

பதில்: அண்ணாச்சி, ரிப்போர்ட்டை ஒருதரம் எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'டிஸ்பிளேசியா இல்லை' என்று இருக்கிறதல்லவா, செல்கள் கேன்சர் பக்கமாக உருக்கெட்டுப் போவதைத்தான் டிஸ்பிளேசியா என்பார்கள், யாருடைய பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்தாலும் நான் முதலில் கண்ணை ஓட்டுவது அந்த வரிக்குத்தான். உங்கள் மகன் தேடிப் பார்த்தது மேலே இருக்கிற பெயரை. அந்த ஒரே பெயருக்குள் நாலு படி இருக்கிறது, நீங்கள் நிற்பது ஆகக் கீழ்ப்படியில். கணக்கோடு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விழுங்கின பிறகு நெஞ்சில் அடைத்து நிற்கிறதா, இல்லை தட்டைப் பார்த்ததுமே வேண்டாமென்று எழுந்துவிடுகிறீர்களா? இரண்டும் வேறு வேறு. போன மாதம்தான் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், நீங்கள் எழுதியதில் சுருக்கம், கட்டி என்று எதுவும் இல்லை, அதனால் பயத்தில் பசி போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைக்கு மதியம் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து, பிசைந்து உருட்டி நிதானமாக ஒரு கவளம் சாப்பிட்டுப் பாருங்கள். தங்கு தடையில்லாமல் போனால் அந்த நாலு கிலோ நீங்கள் சாப்பிடாமல் குறைந்தது, சாப்பிட்டால் திரும்பி வரும். அடைத்தால், அல்லது நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனால், இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

சரி, உள்ளே என்னதான் நடந்திருக்கிறது? உணவுக்குழாய் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் நீளம். அதன் உள்பூச்சு தட்டையான செல்களால் ஆனது, கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக் கட்டாக அடுக்கின மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. உரசலைத் தாங்கத்தான் இந்த அடுக்கு. முறுக்கு, சேவு என்று எதை விழுங்கினாலும் மேலே தேய்ந்து உதிரும், கீழேயிருந்து புதிது வரும். உரசலைத் தாங்குமே தவிர அமிலத்தைத் தாங்காது. இரைப்பைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற வால்வு தளர்ந்துபோய், வருடக்கணக்காக ராத்திரி ராத்திரி அமிலமும் அதோடு பித்தமும் மேலே ஏறி நனைத்துக்கொண்டே இருந்தால், புண்ணாவதும் ஆறுவதுமாக இருந்து, கடைசியில் ஆறும்போது அந்த இடத்தில் வேறு வகைச் செல்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இவை உயரமானவை, பொங்கல் கரும்பைச் சுவரோரம் நெருக்கி நிறுத்தி வைத்தது போல நிற்கும், குடலில் இருக்கிற செல்களின் சாயல். நடுநடுவே சளி நிறைந்த கிண்ணம் போன்ற செல்களும் இருக்கும், அதை மைக்ராஸ்கோப்பில் கண்டதால்தான் 'குடல் வகை மாற்றம்' என்று எழுதியிருக்கிறார்கள். இதற்குத்தான் பாரெட்ஸ் என்று பெயர், அமிலத்துக்கு ஈடுகொடுக்க உடம்பு தானாகச் செய்துகொண்ட மாற்றம் இது. ஆனால் இப்படி மாறின செல்கள் இன்னும் மாறக்கூடியவை, சிக்கல் அங்கேதான்.

எண்டோஸ்கோப்பித் திரையில் இது எப்படித் தெரியும் என்று நிறையப் பேர் கேட்பார்கள். குழாய் இறங்கும்போது சுற்றிலும் சிப்பியின் உள்பக்கம் மாதிரி வெளிறிய பளபளப்பாக இருக்கும். இரைப்பை தொடங்குகிற இடத்தில் சட்டென்று நிறம் மாறும், அந்த எல்லைக்கோடு லேசாக நெளிந்து ஓடும். பாரெட்ஸ் இருப்பவர்களுக்கு அந்தக் கோட்டுக்கு மேலேயும் சிவப்பு ஏறியிருக்கும். செங்கொய்யாவை வெட்டினால் உள்ளே ஒரு நிறம் இருக்குமே, அது. அடைமழைக்குச் சுவரில் ஈரம் ஏறினது போல, ஓரிடத்தில் கொஞ்சம், ஓரிடத்தில் நாக்கு நீட்டினாற்போல. சி1 எம்3 என்றால், சுற்றுவட்டம் முழுக்க 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறியிருக்கிறது, நீளமான நாக்கு 3 சென்டிமீட்டர் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். 2006-இல் வந்த பிராக் அளவுமுறை அது, உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள், அதனால் மூன்று வருடம் கழித்து வேறு டாக்டர் பார்த்தாலும் கூடியிருக்கிறதா அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

பயாப்சி எடுத்தபோது நாலைந்து சின்ன பாட்டிலில் போட்டார்களா? 2 சென்டிமீட்டருக்கு ஒரு தரம், சுற்றி நாலு பக்கமும், நொய்யரிசி அளவுக்குத் துணுக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் முறை. 'இத்தனை இடத்தில் எடுத்தார்களே, கேன்சர் என்பதால்தானோ' என்று கலங்குகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அதிக இடத்தில் எடுத்துப் பார்த்த பிறகு சொல்லும் 'இல்லை'யைத்தான் நம்பலாம். உங்களுக்கு எத்தனை துணுக்கு எடுத்தார்கள் என்பது பயாப்சி ரிப்போர்ட்டிலேயே இருக்கும். ஒன்றிரண்டுதான் என்றால் அதை உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பில்லை.

பாரெட் என்பது ஒரு சர்ஜனின் பெயர். நார்மன் பாரெட், ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்தவர், 1950-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் அப்போது இதை நெஞ்சுக்குள் இழுபட்டுப்போன இரைப்பை என்றே நினைத்தார். இல்லை, இது உணவுக்குழாய்தான், பூச்சு மட்டும் மாறியிருக்கிறது என்று 1953-இல் வேறு இருவர் காட்டினார்கள், 1957-இல் பாரெட்டும் அதை ஒப்புக்கொண்டார்.

இப்போது கணக்கு. உங்களைப் போல டிஸ்பிளேசியா இல்லாத பாரெட்ஸ் ஆயிரம் பேருக்கு இருந்தால், ஒரு வருடத்தில் அதில் கேன்சராக மாறுவது ஒருவர் முதல் மூன்று பேருக்கு. மிச்சம் 997 பேர் அடுத்த வருடமும் கடை திறப்பார்கள், கல்யாண வீட்டுக்குப் போவார்கள். அடுத்த படி, டிஸ்பிளேசியா இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலை. அமிலப் புண் இருக்கும்போது செல்கள் வீங்கி ஏமாற்றும், அதனால் மாத்திரையைக் கூட்டிப் புண்ணை ஆற்றிவிட்டு மறுபடி எடுத்துப் பார்ப்போம். அதற்கு மேல் லோ கிரேடு, அதாவது லேசான டிஸ்பிளேசியா, அதில் ஆயிரத்துக்கு ஐந்து பேர் அளவில். அதற்கும் மேல் ஹை கிரேடு, அதாவது முற்றின டிஸ்பிளேசியா, அங்கே போனால் நூற்றுக்கு ஆறேழு பேர், அதனால் அங்கே காத்திருக்க மாட்டோம். லோ கிரேடோ ஹை கிரேடோ, எது என்று வந்தாலும் இரண்டாவது ஒரு பெத்தாலஜி டாக்டரிடம் அதே ஸ்லைடைக் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து மாறும்.

நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்பக் கவலை தந்தது கேன்சர் கேள்வி இல்லை, 'கரிப்பு இல்லை, அப்படியானால் சரியாகிவிட்டதா' என்கிற கேள்விதான். சரியாகவில்லை அண்ணாச்சி. கரிப்பு நிற்பதற்கு இரண்டு காரணம் உண்டு. மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, அது ஒன்று. இன்னொன்று, புதிதாக வந்த அந்தக் கரும்புக்கட்டுச் செல்களுக்கு அமிலம் அவ்வளவாக உறைக்காது. அதனால் பாரெட்ஸ் வந்த பிறகு சிலருக்கு மாத்திரை இல்லாமலே கரிப்பு குறைந்துவிடும். வலியும் கரிப்பும் இல்லாததை வைத்து உள்ளே இருப்பதை அளக்க முடியாது. மாத்திரை அந்தப் பூச்சைப் பழைய அப்பள அடுக்காகத் திருப்பிக் கொண்டுவரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், மேற்கொண்டு புண்ணாகாமல் காக்கும், அவ்வளவுதான்.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு வேன் டிரைவர் என்னிடம் வந்திருந்தார். உங்கள் வயதுதான், உங்கள் ரிப்போர்ட் போலவேதான், டிஸ்பிளேசியா இல்லை. மூன்று வருடத்தில் வாருங்கள் என்று ரிப்போர்ட்டின் மேலேயே மாதமும் வருடமும் எழுதிக் கொடுத்தேன். மாத்திரையில் கரிப்பு நின்றது, ஒரு வருடத்தில் மாத்திரையும் நின்றது. வந்தது ஆறு வருடம் கழித்து. பரோட்டா அடைக்கிறது என்றார், தண்ணீர் குடித்தால் இறங்குகிறது என்றார், பிறகு இரண்டு மாதமாகக் கஞ்சிதான் என்றார். அவர் மனைவி மஞ்சள் பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்கள், மடிப்பு மடிப்பாக, மூலையில் எண்ணெய்க் கறையோடு. அதில் என் கையெழுத்தில் அந்தத் தேதி. நடுவில் ஒரு தரம் வந்திருந்தால் கேமரா வழியாகவே சுரண்டி எடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு, அவர் பெரிய ஆபரேஷனுக்குப் போனார். அன்றிலிருந்து பாரெட்ஸ் உள்ளவர்களுக்குத் தனி நோட்டுப் போட்டு வைத்திருக்கிறோம், தேதி நெருங்கும்போது சிஸ்டர் போன் போடுவார்கள். எல்லா இடத்திலும் போன் வராது. நீங்களே நினைவு வைத்துக்கொண்டாக வேண்டும்.

3 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 3 வருடத்துக்கு ஒரு தரம், அதைவிடக் குறைவாக இருந்தால் 5 வருடத்துக்கு ஒரு தரம் என்பது பொதுவாகப் பின்பற்றுகிற கணக்கு. நீங்கள் சரியாக 3-இல் இருக்கிறீர்கள், அதனால் 3 வருடம். உங்கள் டாக்டர் ஏதாவது காரணத்துக்காக முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான். செலவு இடிக்கிறது என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் எண்டோஸ்கோப்பி பார்க்கிறார்கள், தேதியைத் தள்ளிப்போடாமல் அங்கே போங்கள். இந்த மூன்று வருடத்துக்குள் சோறு அடைத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, ரத்தம் காரணமில்லாமல் குறைந்தாலோ தேதி பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

மச்சினன் பாசத்தில் சொல்கிறார், ஆனால் இந்தப் படியில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பது உடம்பை உலுக்கிவிடுகிற ஆபரேஷன், அதன் ஆபத்து உங்களுக்கு இப்போது இருக்கிற ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது. டிஸ்பிளேசியா வந்தால்கூட இன்றைக்கு முதலில் செய்வது எண்டோஸ்கோப்பி வழியாகத்தான். மேடாகத் தெரிகிற இடத்தைச் சுருக்குக் கம்பி போட்டு எடுத்துவிட்டு, மீதிப் பூச்சை ரேடியோ அலைச் சூட்டால் கருக்கிவிடுவோம். கருகின இடத்தில், அமிலத்தை அடக்கி வைத்தால், மறுபடி தட்டையான செல்களே வளரும். அதையே இப்போதே செய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டிஸ்பிளேசியா இல்லாதவர்களுக்குச் செய்வதில்லை. செய்தால் குழாய் சுருங்கிப்போகிற வாய்ப்பு உண்டு, ஆயிரத்தில் ஒருவர் முதல் மூன்று பேருக்காக மற்ற எல்லாருக்கும் அந்தத் தொந்தரவைக் கொடுக்க முடியாது.

மாத்திரைக்கு வருவோம். பான்டோப்பிரசோல், ஒமிப்பிரசோல், எசோமிப்பிரசோல் எல்லாம் ஒரே குடும்பம். வெறும் வயிற்றில், முதல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். நீங்கள் விடிகாலை கடை திறந்ததும் டீ குடித்து, பத்து மணிக்குத்தான் இட்லி சாப்பிடுவீர்கள் என்றால் ஒன்பதரைக்குப் போடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் முழுதாக வேலை செய்யாது. கரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும். மெடிக்கலில் பெரும்பாலும் டொம்பெரிடோன் சேர்த்த கேப்சூலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், வருடக்கணக்காகப் போட அது வேண்டாம், இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடியது, தனி மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். காலம் பூராவும் போட்டால் கிட்னி போய்விடும், எலும்பு போய்விடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 17,000 பேருக்கு மேல் மூன்று வருடம் பான்டோப்பிரசோலும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வந்தது, வயிற்றுப்போக்கு மாதிரியான குடல் தொற்று கொஞ்சம் கூடியதைத் தவிர வேறு கேடு அதில் தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு தரம் கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினும், அவ்வப்போது பி12 அளவும் பார்த்துக்கொண்டால் போதும். ஆஸ்பிரின் போட்டால் கேன்சர் வராது என்று மகன் எங்காவது படித்துக் காட்டினால் அதை நீங்களாகத் தொடங்காதீர்கள். ஆய்வு நடந்திருக்கிறது, ஆனால் ரத்தக்கசிவு ஆபத்தும் சேர்ந்து வருகிற மருந்து அது. இதயத்துக்காக உங்கள் டாக்டர் கொடுத்தால் வேறு விஷயம்.

மாத்திரையைவிட எனக்கு உங்கள் ராத்திரிச் சாப்பாட்டின்மேல்தான் கோபம். பத்தரைக்கு மேல் பரோட்டா, எண்ணெய் மிதக்கிற சால்னா, உடனே படுக்கை. எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை விட்டு லேசில் நகராது, படுத்ததும் அத்தனையும் அந்தத் தளர்ந்த வால்வில் முட்டிக்கொண்டு நிற்கும். கடையை நேரத்தோடு அடையுங்கள் என்று சொன்னால் நடக்காது, எனக்குத் தெரியும், ராத்திரி வியாபாரம்தான் பாதி. அதனால் சாப்பாட்டை முன்னால் கொண்டு வாருங்கள். ஏழரை மணிக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியில் இட்லியோ தோசையோ கடைக்கு வரட்டும், அதுதான் ராத்திரிச் சாப்பாடு, படுக்கும்போது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். சொதியும் உளுந்தம்பருப்புச் சோறும் மதியத்தோடு இருக்கட்டும், அல்வாவும் அப்படியே, சாப்பிடக் கூடாது என்றில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் அடியில் செங்கலை வைத்து அரை அடி உயர்த்துங்கள், தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் அமிலம் ஏறுவது குறையும். வேட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டுகிற பெல்ட்டைத் தளர்த்துங்கள், தொப்பை இருந்தால் அதைக் குறைப்பது பெல்ட்டைவிட முக்கியம்.

பீடியை விட்டாக வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று வீட்டுக்கு வீடு பீடி சுற்றிப் பிழைக்கிற சீமை நம்முடையது, அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பீடியின் புகை அந்த வால்வையும் தளர்த்தும், மாறின செல்களை இன்னும் மாறத் தூண்டவும் செய்யும். ஆண், ஐம்பது தாண்டின வயது, பல வருடக் கரிப்பு, பீடி: 'எனக்கு எப்படி வந்தது' என்றீர்களே, இவ்வளவும் ஒருவரிடமே சேர்ந்ததால் வந்தது. அண்ணன் தம்பி யாராவது ஐம்பது தாண்டி, வருடக்கணக்கில் கரிப்போடு இருந்தால் அவர்களையும் ஒரு தரம் எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு இப்போது தேவையில்லை.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏழரை மணித் தூக்குவாளியை யார் அனுப்புவார்கள்? மூன்று வருடம் கழித்து நீங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் கடைசி வரியைக் காட்டி, அப்புறம் மேலே இருப்பதைச் சொல்லுங்கள். பிறகு கடையில் பற்று எழுதுகிற நோட்டு இருக்குமல்லவா, அதன் முதல் பக்கத்தில் இந்த எண்டோஸ்கோப்பி தேதியையும், 'சி1 எம்3' என்பதையும், அடுத்த தேதியையும் எழுதுங்கள். புது நோட்டுப் போடும்போதெல்லாம் அதையும் மாற்றி எழுதுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்வது, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதானே? வெற்றிலை புகையிலையால் வருவது பாரெட்ஸ் இல்லை, அது வேறு வழி. அந்த அப்பள அடுக்குச் செல்களே கெட்டுப்போவது அது, நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு அந்த வகைதான். அதற்குக் கரிப்பு என்கிற முன்னறிவிப்புகூடக் கிடையாது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டுமே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. கொதிக்கக் கொதிக்க, 65 டிகிரிக்கு மேல் டீ காபி குடிப்பதையும் 2016-இல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது, அம்மாவுக்கு ஆற்றிக் கொடுங்கள்.

இன்று ராத்திரி கடை அடைத்து வந்ததும் அம்மாவை வாய் கொப்பளிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், புகையிலையை அடக்கி வைக்கிற இடம். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண் எதுவும் இருக்கிறதா? அவர்களுடைய விரல் மூன்றை நெட்டுக்குத்தாக வைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பது குறைந்திருக்கிறதா? கடைசியாக, கொஞ்ச நாளாகச் சோற்றைக் குழைய வடிக்கச் சொல்கிறார்களா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள், அடுப்படியில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று வந்தால் நாளைக்கே அவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.